குடிக்காத மருந்து

தாயில்பட்டிக்குப் போய், சீனிச்சாமி மகள் பானுப்பிரியா எப்படிச் செத்தாள் என்று கேட்டுப் பாருங்கள். டீக்கடைப் பெஞ்சில் இருக்கிறவன் கிளாசைக் கீழே வைக்காமலே சொல்லுவான்: "மொட்டை போடச் சொன்னாகன்னு பருத்தி மருந்தக் குடிச்சிட்டா." பக்கத்தில் இருக்கிறவன் உச்சுக்கொட்டுவான். இரண்டு பேரும் அவளோடு ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள்.

நான் அவளுடைய தாய்மாமன், மாரிக்கண்ணன். ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறேன். பானு குடிக்கவில்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். உங்களுக்காவது பொறுமை இருந்தால் முழுசாகக் கேளுங்கள்.

மொட்டை விஷயம் உண்மைதான். சுனாமி வந்த வருசத்துத் தீபாவளி சீசனில், என் மச்சான் சீனிச்சாமி வேலை பார்த்த பட்டாசுக் களத்தில் காயப்போட்டிருந்த வெடிச் சரக்கு பற்றிக்கொண்டது. கூட நின்றவர்கள் அங்கேயே போய்விட்டார்கள். மச்சான் மட்டும் முதுகும் கையும் வெந்து மதுரை ஆஸ்பத்திரியில் வாழையிலை மேல் கிடந்தார். என் அக்கா மாடத்தி ஆஸ்பத்திரி வாசலிலேயே இருக்கன்குடி இருக்கும் திசை பார்த்து விழுந்து, "ஆத்தா மாரியாத்தா, என் தாலியக் காப்பாத்து. எம் பிள்ள தலைமுடிய முழுசா உனக்குத் தாரேன்" என்று நேர்ந்துகொண்டாள். மச்சான் பிழைத்துவிட்டார்.

தன் முடியை நேர்ந்திருக்கலாமே என்றுதான் எனக்கும் கேட்கத் தோன்றியது. அக்காவுக்கு இருந்தது எலிவால். பானுவுக்கோ உட்கார்ந்தால் தரையைத் தொடும் சடை. அம்மனுக்குக் கொடுப்பதென்றால் வீட்டில் இருப்பதிலேயே நல்லதைத்தான் கொடுக்க வேண்டும் என்பது என் அக்காவின் கட்சி. அவளிடம் வாதாடி ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை. அன்றிலிருந்து அந்த முடியில் கத்தரி படவில்லை. நுனியில் மஞ்சள் துணி முடிந்துவிட்டாள். அடுத்த ஆடி கடைசி வெள்ளிக்கு மொட்டை என்று முடிவாகியிருந்தது.

பானுவுக்கு அப்போது பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்கு மொட்டைத் தலையோடு எப்படிப் போவேன் என்று அழுதாள். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். தெருவே அதைப் பார்த்தது. ஆனால் தெரு பார்க்காததும் ஒன்று உண்டு. ஒருநாள் காலையில் அவளைப் பள்ளிக்கூடத்து முக்கில் இறக்கிவிடுவதற்காக வேனில் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டேன். போகிற வழியில் அவளாகவே ஆரம்பித்தாள்.

"மாமா, மொட்டை போடும்போது உன் மடியிலதான உக்காரணும்?"

"ஆமா. தாய்மாமன் மடிதான."

"அப்ப வேட்டியத் துவைச்சுக் கட்டிட்டு வா. உம் மேல ஒரே டீசல் நாத்தம். நான் மடியிலயே வாந்தி எடுத்திருவேன்."

"அப்ப சம்மதம்னு சொல்லு."

"அப்பா பொளைச்சுட்டாருல்ல மாமா. முடி வளந்துரும்." அப்புறம் கொஞ்ச தூரம் கழித்து, "ஆனா சிவகாசில ஒரு நல்ல ஸ்கார்ப் வாங்கிக் குடு, நீலக் கலருல. ஓசில சம்மதிக்க நான் என்ன லூசா?" என்றாள்.

அவள் என்ன மனதோடு இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் மற்றவர்கள் எல்லோரும் சட்டென்று நம்பியதை என்னால் நம்ப முடியவில்லை.

ஆடி பிறந்தபோது பானுவின் தலையில் பேன் பிடித்துவிட்டது. அத்தனை முடியில் பேன் விழுந்தால் சீப்பு என்ன செய்யும்? பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்தார்கள். இன்னும் மூன்று வெள்ளி போனால் மொட்டை. மொட்டைத் தலையில் பேன் எங்கே குடியிருக்கப் போகிறது? சும்மா விட்டிருந்தால் தானாகத் தீர்ந்திருக்கும். ஆனால் என் அக்காவுக்கு வேறொரு கவலை வந்துவிட்டது. பேன் மொய்க்கிற முடியையா ஆத்தாவுக்குக் கொடுப்பது? எச்சில் பண்டத்தைப் படையல் வைக்கிற மாதிரி அல்லவா? அம்மன் முன்னால் போகிற முடி சுத்தமாகப் போக வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

எங்கள் பக்கம் பேனுக்குப் பருத்திக்கு அடிக்கிற பூச்சி மருந்தைத் தேய்ப்பது புதுசு இல்லை. தேங்காயெண்ணெயில் கொஞ்சம் கலந்து சாயங்காலம் தேய்ப்பார்கள். விடிந்ததும் சீயக்காய் போட்டு அலசிவிடுவார்கள். மச்சான் குத்தகைக் காட்டில் மானாவாரிப் பருத்திக்கு அடித்தது போக மீதி மருந்து பாட்டிலில் இருந்தது. அக்கா அதை எடுத்து, துவைக்கிற கல்லில் பிள்ளையை உட்கார வைத்து, தாராளமாகக் கலந்து, வேர்க்காலில் இறங்குகிற மாதிரி தேய்த்து, இறுக்கிக் கொண்டை போட்டுத் துணியால் கட்டிவிட்டாள். மறுநாள் குழாயில் தண்ணீர் வருகிற முறை. வந்ததும் அலசிவிடலாம் என்று இருந்தாள். அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை. எங்கள் ஊர்த் தண்ணீர் வந்தால்தான் நிச்சயம். குடத்தில் இருந்தது சோறு பொங்கத்தான் காணும். நாளைக்கு வரும் என்றார்கள். நாளைக்கும் வரவில்லை. மருந்து தலையிலேயே ஊறிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நான் பார்த்தது இதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

அடுத்த நாள் காலையில் வேனை எடுக்கப் போகும்போது அக்காவின் பக்கத்து வீட்டு வள்ளித்தாய் ஓடிவந்தாள். "மாரி, ஒங்க அக்கா மக வயித்தப் பிடிச்சுக்கிட்டு உருளுதுலே!" போய்ப் பார்த்தால் பானு சுருண்டு கிடந்தாள். வாயிலிருந்து எச்சில் கயிறாக வழிந்தது. உடம்பெல்லாம் வேர்த்து, பாவாடை நனைந்திருந்தது. வயிற்றைத் தொட்டால் பலகை மாதிரி இறுகி, பிறகு தளர்ந்து, மறுபடி இறுகியது. அப்படியே அள்ளி வேனில் போட்டு, அக்காவையும் ஏற்றிக்கொண்டு, கம்பெனி லோடு ஆட்களை ரோட்டிலேயே விட்டுவிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு விட்டேன்.

டாக்டர் சுகிர்தா என்று சின்ன வயசுக்காரர். சிவகாசியில் அச்சடிக்கிற பிரஸ் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை. பானுவின் கண்ணில் லைட் அடித்துப் பார்த்தார். கண்மணி கடுகு அளவுக்குச் சுருங்கியிருந்தது. அவர் நர்ஸிடம் ஊசி பேரைச் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"பூச்சி மருந்து. எவ்வளவு குடிச்சா?"

அந்த ஒரு கேள்வியோடு எல்லாம் முடிவாகிவிட்டது. வயிற்றில் குழாய் விட்டுக் கழுவினார்கள். துணியை மாற்றி உடம்பைத் துடைத்தார்கள். தலைக்கு வந்தபோது அக்கா கொண்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "அம்மனுக்கு நேந்த முடி தாயி, தொட்றாதீக" என்று கெஞ்சினாள். வாய் வழியாகப் போன மருந்துக்குத் தலையில் என்ன வேலை என்று நர்ஸும் விட்டுவிட்டார். மச்சான் வீட்டில் தேடிப் பார்த்து, பாட்டிலைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மூடியில்லாமல் கிடந்ததாம்.

பாட்டிலைப் பார்த்ததும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தானே அங்கன வச்சேன்! எடுத்து ஒசக்க வைக்காம விட்டேனே! பிள்ள கண்ணுல படுற மாதிரி நான்தானே வச்சேன்!"

எல்லோருக்கும் அது தாய் புலம்புகிற புலம்பலாகத்தான் கேட்டது. பருத்திக்கு மருந்து அடித்து முடிந்து எவ்வளவோ நாளாகியும் அந்தப் பாட்டில் துவைக்கிற கல்லுக்கு ஏன் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்காவுக்கும் அது தோன்றவில்லை. வலிப்பது வயிறு. அவள் தேய்த்தது தலையில். அந்த இரண்டையும் முடிச்சுப் போட அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பானு வலிக்கு நடுவிலேயே, "எம்மா, நான் ஒண்ணும் குடிக்கலைம்மா" என்றாள். மச்சான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அக்கா அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஏன்டி குடிச்ச? மயிருக்காடி உசுர விடுவாக?" என்று கேட்டபடியே இருந்தாள். குடிக்கலை, குடிக்கலை என்று பிள்ளை சொல்லச் சொல்ல, அக்கா இன்னும் சத்தமாக அழுதாள். மடியில் வைத்திருந்த அந்தத் தலையை அன்று ராத்திரி முழுக்க அவள் கீழே வைக்கவில்லை.

மறுநாள் காலையில் பானு நன்றாகத் தேறியிருந்தாள். எச்சில் நின்று வாய் காய்ந்து போயிருந்தது. கண்மணி பெரிசாக விரிந்திருந்தது. வலி இல்லை என்றாள். டாக்டரைத் தாழ்வாரத்தில் பிடித்தேன்.

"டாக்டரம்மா, பிள்ள குடிக்கலைன்னு சொல்லுது. அது எங்கிட்டப் பொய் சொல்லாது."

அவர் கோபப்படவில்லை. "எல்லாரும் அப்படித்தான் அண்ணே சொல்லுவாங்க. பயம். நான் எத்தனை பேரைப் பாத்துட்டேன். உடம்பு பொய் சொல்லாதுல்ல?" என்றார்.

"வயிறு ஏன் அப்பிடிப் பிசைஞ்சுச்சு?"

அவருக்கு அவசரம்தான். இருந்தாலும் நின்று சொன்னார். வயிறு ஒரு சதைப் பை. அதற்கென்று ஒரு தாளம் உண்டு. எவ்வளவு அழுத்தமாகப் பிசைய வேண்டும், எப்போது வேகமாகப் பிசைய வேண்டும் என்று சொல்வது நரம்பு. மூளையிலிருந்து கழுத்து வழியாக ஒரு நரம்பு வயிற்றுக்கு இறங்குகிறது. ஆனால் நரம்பின் நுனி சதையைத் தொடுவதில்லை. நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. நரம்பு நுனியிலிருந்து ஒரு ரசாயனம் கசிந்து அந்த இடைவெளியைத் தாண்டிச் சதையில் ஒட்டும். ஒட்டியதும் சதை இறுகும். உடனே இன்னொரு பொருள் வந்து அந்த ரசாயனத்தை அழித்துவிடும். சதை தளரும். இப்படி இறுகித் தளர்ந்துதான் நாம் தின்கிற சோறு கடைபடுகிறது.

"இந்தப் பூச்சி மருந்து அந்த அழிக்கிற பொருளைக் கட்டிப்போட்டுரும் அண்ணே. கசிஞ்சது அப்படியே நிக்கும். வயிறு விடாம இறுகும். குடலு, எச்சில், வேர்வை, மூச்சுக் குழாய், எல்லா இடத்துலயும் அதே கூத்துதான். நாங்க போடுற ஊசி, அந்த ரசாயனம் ஒட்டுற இடத்துல முந்திப் போயி உக்காந்துக்கும். அதனால சதைக்கு அந்தச் சேதி எட்டாது."

எனக்கு என் வேனின் ஹாரன் ஞாபகம் வந்தது. சில நேரம் பட்டன் உள்ளே ஒட்டிக்கொண்டு, கையை எடுத்தாலும் ஹாரன் நிற்காமல் அலறும். வயரைப் பிடுங்கினால்தான் சத்தம் நிற்கும். ஆனால் பட்டன் ஒட்டினபடியேதான் இருக்கும். அதைச் சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான். பட்டன் விடுபடக் கொஞ்ச நாளாகும். அது வரைக்கும் வயரைப் பிடுங்கி வச்சிருக்கோம்."

"பயந்தாலும் வயித்தக் கலக்குதே டாக்டரம்மா?"

"அதுவும் நரம்பு அனுப்புற சேதிதான் அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் பானுவிடம் கொஞ்ச நேரம் தனியாக இருந்தேன். அக்கா டீ வாங்கப் போயிருந்தாள். பானு என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயாவது நம்புறியா மாமா?"

"நம்புறேன்த்தா."

"அம்மாட்ட சொல்லு. நான் செத்தாலும் பரவால்ல. பொய்க்காரின்னு நெனச்சுக்கிட்டே இருக்கும். அது எனக்குப் பிடிக்கல."

"சொல்றேன். நீ சாகுற பேச்ச விடு. ஸ்கார்ப் வாங்கணும்ல?"

"நீலக் கலரு" என்றாள்.

அக்கா வந்ததும் சொன்னேன். "ஒனக்குச் செல்லம் குடுக்கத்தான் தெரியும்" என்று என்னை ஒரே வெட்டாக வெட்டிவிட்டு, பிள்ளையின் கொண்டையை அவிழ்த்தாள். படுத்துப் படுத்து முடி சிக்குப் பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை வேறு. கையில் கொண்டுவந்திருந்த எண்ணெயைத் தொட்டு, வகிடு எடுத்து, ஒவ்வொரு சிக்காக விரலால் நீவி எடுத்து, மறுபடி சடை பின்னி மஞ்சள் துணியை முடிந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தனை பதனமாக, ஒரு முடி அறுந்துவிடாமல் சீவினாள். பிள்ளையைப் பிழைக்க வைக்க ஒரு தாயால் வேறென்ன செய்ய முடியும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பொழுது சாயும் முன்னால் பானுவுக்கு மறுபடி எச்சில் வழிந்தது. வயிறு இறுகியது. டாக்டர் ஓடிவந்தார். ஊசி போட்டார், நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பித்தது. "உள்ள போனதெல்லாம் கழுவியாச்சே, திரும்பத் திரும்ப எங்கருந்து வருது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். வீட்டு ஆட்கள் ஏதாவது நாட்டு மருந்து கொடுத்தீர்களா என்று எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்.

அப்போது தாழ்வாரத்தில் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பக்கத்துப் படுக்கைக்காரிகள் சூழ்ந்துகொண்டார்கள். "பெத்த வயிறுல்ல, பதறத்தான செய்யும்" என்றாள் ஒருத்தி. "பிள்ளைக்கு ஒண்ணுன்னா தாய்க்குக் குடலப் பிசையும்" என்றாள் இன்னொருத்தி. மச்சான் தண்ணீர் கொடுத்தார். அக்கா அதை வாங்கிக் குடிக்கும் முன்னால் குனிந்து வாந்தி எடுத்தாள். வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. நெற்றி வேர்வையில் குங்குமம் கரைந்து மூக்கில் வழிந்தது.

நர்ஸ் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "டாக்டர்! இந்தம்மாவும் குடிச்சிருக்காங்க!" என்று கத்தினார்.

"அய்யோ, இல்ல தாயி" என்றாள் என் அக்கா. "நான் ஒண்ணும் குடிக்கலையே."

நர்ஸ் நம்பவில்லை. மச்சான் நம்பவில்லை. "அடி பாவி, நீயுமா?" என்று அவளை உலுக்கினார். அவள் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "குடிக்கல, சத்தியமாக் குடிக்கல" என்றாள். அது அப்படியே பானுவின் குரல். அதே பயம், அதே கெஞ்சல்.

"டாக்டரம்மா, ரெண்டு பேரும் ஒண்ணு போல சொல்றாகளே, கேளுங்க!" என்றேன்.

டாக்டர் சுகிர்தா நர்ஸைக் கையமர்த்தினார். பிறகு குனிந்து அக்காவின் கையை எடுத்து மூக்கின் அருகே கொண்டுபோனார். என்னையும் முகரச் சொன்னார். மேலே தேங்காயெண்ணெய். அதற்குள்ளே, மருந்தடித்த பருத்திக் காட்டைக் கடந்து போகும்போது வருகிற அந்த நெடி.

"இந்தக் கையால என்ன செஞ்சீங்க?"

"பிள்ளைக்குத் தலை சீவினேன்."

"அதுக்கு முன்னால? வீட்டுல?"

"பேனுக்கு..." என்று ஆரம்பித்த அக்காவின் வாய் அப்படியே நின்றது. அவள் முகத்தை அப்போது பார்த்தவன் நான். இனி யார் முகத்திலும் அதைப் பார்க்க வேண்டாம்.

கத்தரிக்கோல் கொண்டுவந்தார்கள். டாக்டர் மஞ்சள் துணியைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். தரையில் சுருண்டு கிடந்த அக்கா அங்கிருந்தே கத்தினாள். "வெட்டுங்க தாயி! வெட்டி எறிங்க! ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்!"

எனக்குக் கையுறை மாட்டி, மடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, பிள்ளை தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பானுவுக்கு அதற்குள் கழுத்தைத் தூக்க வலு இல்லாமல் போயிருந்தது. கழுத்து துணி மாதிரி துவண்டது. கத்தரி சத்தம் கேட்டதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். முதலில் புரியவில்லை போலும். பிறகு எங்கே படுத்திருக்கிறாள் என்று புரிந்திருக்க வேண்டும்.

"துவைக்கவே இல்லியா மாமா" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "டீசல் நாத்தம்."

அவள் பேசியது அதுதான் கடைசி. மொட்டைத் தலையைச் சோப்புப் போட்டு, ஆஸ்பத்திரிக்கு லாரியில் வந்த தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். எச்சில் நின்றது. வயிறு தளர்ந்தது. ஆனால் மூச்சு இழுக்கிற சதைகள் ஓய்ந்துவிட்டன. மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லி, மூச்சுக்குப் பதிலாக ஒரு ரப்பர் பையை என் கையில் கொடுத்து அமுக்கக் காட்டிக்கொடுத்தார்கள். அமுக்கினால் நெஞ்சு எழும்பும், விட்டால் தாழும். கள்ளிக்குடி தாண்டும்வரை அவள் நெஞ்சு என் கைக்கு எழும்பிக்கொண்டிருந்தது. திருமங்கலத்துக்கு முன்னால், கூட வந்த நர்ஸ் என் கையைப் பிடித்து, போதும் அண்ணே என்றார். நான் போதாது என்று அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

அக்காவை மருந்து கொன்றுவிடவில்லை. அவளுக்கு ஊசி கேட்டது. பிள்ளையை எடுக்கிற அன்று வந்து, மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

மச்சான் என்னைத் தனியாகக் கூட்டிப்போனார். "மாப்ள, போனவ போயிட்டா. இருக்கவளப் பாக்கணும். இவதான் தேச்சான்னு ஊருக்குத் தெரிஞ்சா இவளும் கயித்துல நாண்டுக்குவா. குடிச்சான்னே இருந்துட்டுப் போகட்டும்."

"பிள்ள பேரு என்னாகும் மச்சான்?"

"எனக்காக நேந்துக்கிட்ட முடி மாப்ள. நான் அன்னைக்கே வெந்து போயிருந்தா இதெல்லாம் உண்டா?" என்று அவர் வெந்த கையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அவரிடம் நான் என்ன பேச? பானுவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், உயிரோடு இருக்கிற அக்கா ஒரு பக்கம். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் சரியாகத்தான் எழுதியிருந்தது. காகிதத்தை ஊரில் யார் படிக்கிறார்கள்? மச்சான் சொன்ன கதை அதற்குள் தெருத் தெருவாகப் போய்விட்டது.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சொந்தமெல்லாம் வந்திருந்தது. பந்தியில் இலை போட்டுச் சோறு விழும் நேரம். அதுவரை மூலையில் முடங்கியிருந்த அக்கா எழுந்து பந்திக்கு நடுவில் வந்து நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. எம் பிள்ள மருந்து குடிக்கல. பேனுக்குன்னு நான்தான் என் கையால தலையில தேச்சேன். குடிக்கலைன்னு அவ சொன்னா. நான் நம்பல. எம் பிள்ளயப் பொய்க்காரின்னு எவனும் சொல்லாதீக."

சாம்பார் வாளியோடு நின்றவன் அப்படியே நின்றான். எனக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கினது போல் இருந்தது. இனி என்ன வந்தாலும் பானு பேரு மீண்டுவிட்டது என்று நினைத்தேன். பிள்ளைக்கு நான் கொடுத்த வாக்கை அக்காவே காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தேன்.

வள்ளித்தாய்தான் முதலில் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "பெத்த வயிறு அப்பிடித்தான் பேசும். உக்காருத்தா."

"மக பேரு கெட்றக் கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்கிறா பாரு. தாய்னா இவதான் தாயி" என்று ஒரு பெரியம்மா கண்ணைத் துடைத்தாள். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

"இல்ல, நெசமாத்தான் சொல்றேன்!" என்று அக்கா கத்தினாள். "நான்தான் தேச்சேன்! ஏலே மாரி, நீயாவது சொல்லுலே!"

நான் சொன்னேன். டாக்டர் சொன்னதையும், கையை முகர்ந்ததையும், எல்லாவற்றையும் தொண்டை கிழியச் சொன்னேன். தலையில தேச்ச மருந்து வயித்தப் பிசையுமாக்கும் என்று ஒருவன் முணுமுணுத்தான். தாய்மாமன் பாசம் என்றான் இன்னொருவன். எங்கள் இருவரையும் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகு அக்கா யாரிடமும் சொல்வதில்லை. கம்பெனிக்கு என் வேனில்தான் வருகிறாள், வெடிச்சரம் பின்னுகிறாள், போகிறாள். ஆனால் தட்டின் முன் உட்கார்ந்தால் வயிறு இறுகிப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. ஆள் பாதியாகிப் போனதால் ஒரு நாள் வலுக்கட்டாயமாக டாக்டர் சுகிர்தாவிடம் கூட்டிப்போனேன். அவர் லைட் அடித்துக் கண்மணியைப் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தார். அந்த மருந்தெல்லாம் உடம்பை விட்டு எப்போதோ போய்விட்டது என்றார்.

"பெறகு ஏன் இன்னும் பிசையுது டாக்டரம்மா?" என்று நான் கேட்டேன். பயந்தால் வயிறு கலங்குவதும் நரம்பு அனுப்புகிற சேதிதான் என்று அன்றைக்குத் தாழ்வாரத்தில் அவரே சொல்லியிருந்தாரே. இந்தச் சேதியை நிறுத்த அவரிடம் ஊசி இல்லை.

வழக்கம் போலத்தான் அவர் அக்காவிடம் கேட்டார். "வேற ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா, குடிச்சீங்களா?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "நான் சொன்னா நம்புவீகளா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு, "நம்புறேன்மா" என்றார்.

"அப்ப எம் பிள்ள சொன்னதையும் நம்புறீகளா?"

"அவ குடிக்கலை. எனக்குத் தெரியும்."

"இன்னொருக்கா சொல்லுங்க தாயி" என்றாள் என் அக்கா. டாக்டர் இன்னொரு முறை சொன்னார். அக்கா இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்து, அவற்றைப் பார்த்தபடியே அழ ஆரம்பித்தாள்.